கழிமுகத்தில் ஒரு புள்ளிக் கோலம்

சென்ற பௌர்ணமியன்று கோவளத்துக்குப் போய்விட்டுக் கேளம்பாக்கம் வழியாகத் திரும்பினோம். உப்பங்கழியைக் கடக்கும் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான் என் அக்காள் பிள்ளை. வயது பன்னிரண்டு, வாய்க்கு அறுபது.

"சித்தி, கடலில் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டதே, நாமே பார்த்தோமே! இங்கே மட்டும் இன்னும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன பைத்தியமா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு நாலு புத்தகத்தைப் புரட்டினேன். விஷயம் அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சந்திரன் இழுக்க, சூரியனும் கொஞ்சம் கைகொடுக்க, சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு முறை கடல் ஏறி வற்றுகிறது. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இந்த நீர் கேளம்பாக்கத்துக்கு வரவேண்டுமானால் முட்டுக்காட்டு முகத்துவாரம் என்ற ஒரே வாசலில் நுழைந்தாக வேண்டும். வழியில் பாலங்களின் தூண்கள், சாலைக்காகப் போட்ட மண்கரைகள் வேறு. முதல் ஆட்டம் விட்ட சினிமாக் கொட்டகை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் முடிந்து எவ்வளவோ நேரமான பிறகும் கூட்டம் நெருக்கியடித்து வந்துகொண்டுதானே இருக்கிறது? கடல் திரும்பிய பிறகும் கழியில் நீர் ஏறுவது அப்படித்தான்.

இதோடு நின்றிருந்தால் பையனுக்குப் பதில் சொல்லிவிட்டு உறங்கப் போயிருப்பேன். ஆனால் இன்னொரு சங்கதி என்னை உட்கார வைத்துவிட்டது.

நம் சமையலறை ஜலதாரையைப் பாருங்கள். தினம் இரண்டு வாளித் தண்ணீரை மளமளவென்று கொட்டினால் அது சுத்தமாக இருக்கும். ஒரு டம்ளர், அரை டம்ளர் என்று சிந்தினால்? சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் தங்கி, நாலாம் நாள் அடைத்துக்கொள்ளும். முகத்துவாரமும் ஜலதாரைதான். அலைகள் மணலைக் கொண்டுவந்து வாசலில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தினம் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வரும் நீர் அதை வாரிக்கொண்டு போகிறது. எவ்வளவு நீர் போய் வருகிறது என்பது உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே, மைல் கணக்கில் உள்ளே தள்ளி ஒருவர் கழியோரத்தை மண்ணடித்து மனை போட்டால், வாசலில் மணல் ஜெயிக்கிறது! அந்த மனைக்காரருக்கு இது தெரியுமோ என்னவோ.

வெயில் காலத்தில் முட்டுக்காட்டு வாசலில் மணல் திட்டு விழுவது உண்டு. வாசல் அடைந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் கூடை காலியாகும். ஐப்பசி, கார்த்திகையிலோ கதை வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, இந்த வாசலைத் தேடித்தான் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென் சென்னை வீடுகளில் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள், வாசல் திறந்திருப்பதன் அருமையைச் சொல்வார்கள்.

சரி, எதைக் கட்டினால் என்ன ஆகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். 1880-களில் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் என்ற பேராசிரியர், மெர்சி நதியின் கழிமுகத்தை மான்செஸ்டரில் ஒரு தொட்டிக்குள் சிறியதாகச் செய்து ஓதம் விட்டுப் பார்த்தார். ஸான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் அணைகள் கட்ட ஒரு பெரிய திட்டம் இருந்தது. 1957-இல் அந்த வளைகுடாவுக்கே ஒரு பெரிய மாதிரி கட்டி நீர் விட்டுச் சோதித்தார்கள், திட்டம் தேறவில்லை.

இப்போது சிமெண்டும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். வேலை நம் மார்கழிக் கோலம் மாதிரிதான். கழியின் படத்தின்மேல் வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆழம் எவ்வளவு, அடியில் சேறா மணலா என்று குறிக்கிறார்கள். வாசல் புள்ளியில் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொடுத்தால், பக்கத்துப் புள்ளிக்கு எவ்வளவு நீர் போகும், அதற்கடுத்ததற்கு எவ்வளவு என்று இயந்திரம் வினாடிக் கணக்கில் போட்டுக்கொண்டே போகும். பிறகு ஒரு பாலத்தை எடுத்துப் பார்க்கலாம். ஒரு கரையைச் சேர்த்துப் பார்க்கலாம். கோலம் தப்பினால் அழித்துப் போடலாம். நிஜக் கழியில் அது நடக்குமா?

ஒரிஸ்ஸாவின் சிலிகா ஏரியில் இது பலித்திருக்கிறது. மணல் மூடி, உப்புக் குறைந்து, ஏரி நொந்து கிடந்தது. புனேக்கு அருகில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது வாசல் வெட்டினார்கள். நீர் போய்வரும் பாதை 18 கிலோமீட்டர் குறைந்தது. ஆண்டுக்கு 1,700 டன் அளவில் இருந்த மீன், இறால், நண்டு வரவு, இரண்டே ஆண்டில் 11,000 டன்னைத் தாண்டிற்று!

ஆனால் ஒன்று: கணக்கு எவ்வளவு கெட்டியானாலும், நிஜ நீரோடு ஒத்துப் பார்த்தால்தான் நம்பலாம். அதற்கு அளவுக் கோடு போட்ட கம்பு நட்டு, மணிக்கு மணி நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். இதைப் பையனிடம் சொன்னது என் தப்பு. மாடியில் ஒரு மூங்கில் இப்போது சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசிக்கொண்டு காய்கிறது. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள். அவனுக்குப் பரீட்சைக்கும் ஐந்தே நாள். அக்காள் என்னோடு பேசுவதில்லை.