பந்தலின் அகலம்

போன வாரம் ஹார்டுவேர் கடையில் குழாய் வாஷர் பத்து கேட்டேன். "வீட்ல எத்தனை குழாய் சார் ஒழுகுது?" என்றார் கடைக்காரர். ஒன்றும் ஒழுகவில்லை, ரேடியோ செய்யப்போகிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பதினொன்றாகப் போட்டுக் கொடுத்தார்.

பொய் சொல்லவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் 'பிட்எக்ஸ்' என்று ஒரு வானொலியை வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. அதற்குள் இருக்கும் சுருள்களை வெளிநாட்டில் வளைய வடிவக் காந்தக் கட்டிகளின் மேல் சுற்றுவார்கள். நம் ஊரில் அதைத் தேடி அலைவதற்குப் பதிலாக, அவர் குழாய் வாஷரின் மேல் சுற்றினார். வாஷரில் காந்தம் கிடையாது என்பதால் சுற்று கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்கு வாங்கிய எனாமல் கம்பியை வாஷரின் ஓட்டைக்குள் நுழைத்து நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். முப்பதாவது சுற்றில் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தபோது எண்ணிக்கை மறந்திருந்தது. அவிழ்த்து, முதலிலிருந்து.

இப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்த பெட்டியை ஆன்டெனாவில் மாட்டி நான் காற்றில் பேசலாம். எந்த ஆய்வுக்கூடமும் அதைச் சோதித்து முத்திரை குத்த வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கும் கையிலிருக்கும் செல்போனுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவை ஒவ்வொரு மாதிரியும் சோதனையில் தேறித்தான் கடைக்கு வருகின்றன. வாங்குகிற நம்மை யாரும் சோதிப்பதில்லை. ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில் இது தலைகீழ். பெட்டியை விட்டுவிட்டு ஆளைச் சோதிக்கிறது அரசாங்கம். மின்னியலும் விதிமுறையும் கேட்டு ஒரு தேர்வு. மேல் நிலை உரிமம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸ். எனக்கு அது வரவில்லை, கீழ்நிலை உரிமத்தோடு நிற்கிறேன். போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். பையன் எப்படி என்று கேட்டதற்கு, "ராத்திரி தூங்க மாட்டான்" என்றாள்.

ஆளை நம்பி உரிமம் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் பெட்டிக்குள் தலையை நுழைக்கலாம்? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் நாற்பத்து மூன்று ஆண்டு நடந்த கூத்து ஒன்று உண்டு.

1980. கணினி எழுத்துகளைக் காற்றில் அனுப்ப அங்குள்ள ஹாம்களுக்கு அனுமதி கிடைக்கிறது. அனுமதித்த எஃப்.சி.சி., அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம், ஒரு வேகத்தடையும் போட்டது. 28 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கடல் தாண்டிப் போகும் சிற்றலைகளில், 300 பாட்டுக்கு மேல் கூடாது. ஒலியோ அலையோ நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்குதான் பாட். அன்றைய டெலிபோன் மோடம்கள் பலவும் அந்த வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அது பொருத்தமான எண்தான்.

பிறகு ஜெர்மனியிலிருந்து 'பாக்டர்' வந்தது. படகில் தனியாக உலகம் சுற்றுகிறவர்கள் நடுக்கடலிலிருந்து வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பப் பயன்படுத்துவது. அதன் மூன்றாம் பதிப்பு பதினெட்டு அலைகள் வரை பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றையும் நொடிக்கு நூறு முறை மாற்றும். நான்காம் பதிப்பு ஒரே அலையை நொடிக்கு 1800 முறை மாற்றும். இரண்டும் காற்றில் அடைக்கிற இடம் ஏறத்தாழ ஒன்றே, 2.4 கிலோஹெர்ட்ஸ். நான்காவதில் சரக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும். இதில் மூன்றாவது சட்டப்படி சரி. நான்காவது குற்றம்.

ஒரு கல்யாணப் பந்தல். பதினெட்டுத் தவில்காரர்கள் உட்கார்ந்து ஆளுக்கு நூறு அடி அடித்தால் பரவாயில்லை. அதே பந்தலில் ஒரே வித்வான் ஆயிரத்து எண்ணூறு அடி அடித்தால் போலீஸ் வரும். தெருவை எத்தனை அடி அகலத்துக்கு மறித்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பதுதானே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கவலை? அந்த விதியில் தவிலின் அடியை எண்ணச் சொல்லியிருந்தார்களே ஒழிய, அந்த அலைகளில் டேட்டா போகும் பந்தலுக்கு இத்தனை அடி என்று எண் போடவே இல்லை. முந்நூறுக்குள் அடிக்கிற தவில்காரர்களை வரிசையாக உட்கார வைத்துத் தெரு முழுவதையும் ஒருவர் அடைத்தாலும், அந்த எண்ணை வைத்து அவரை ஒன்றும் செய்ய முடியாது.

(மேல் அலைகளுக்கான எண் இன்னும் வேடிக்கை. ஆறு மீட்டர், இரண்டு மீட்டர் பட்டைகளில் 19.6 கிலோபாட் வரை போகலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கணினி உலகத்தில் எல்லாரும் புழங்கும் வேகம் 19.2. அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்ததோ, எழுதிய புண்ணியவானுக்கே வெளிச்சம்.)

இது தெரியாமல் இல்லை. 2013 நவம்பரில் அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். மனுப் போட்டது: வேகத்தடையை எடுங்கள், 2.8 கிலோஹெர்ட்ஸ் என்று அகலத்துக்கு வரம்பு போடுங்கள். 2016-இல் எஃப்.சி.சி. ஒரு வரைவு வெளியிட்டது. தடையை எடுக்கலாம் என்றது. அகலத்துக்கு வரம்பு தேவையா என்று இழுத்தது. அடுத்த ஆண்டு மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவைச் சாய்த்துப் போட்டபோது மின்சாரம் இல்லை, போன் இல்லை. நிவாரணத்துக்காக மட்டும், தற்காலிகமாக, பாக்டர் நான்குக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பருவத்தின் மற்றப் புயல்களுக்கும் இதே கதை. புயல் அடித்தால் சட்டம் விலகும், ஓய்ந்தால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பழமைவாதிகள் என்று சொல்லிவிட மாட்டேன். மோர்ஸ் சமிக்ஞைக்கு 150 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். அகல வரம்பே இல்லாமல் திறந்துவிட்டால் ஒரு டிஜிட்டல்காரர் வந்து உட்காருகிற இடத்தில் பத்துப் பதினெட்டு மோர்ஸ்காரர்கள் நசுங்கிப் போவார்கள். அந்தப் பயம் நியாயமானது. இன்னொரு வழக்கு, நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் ராப்பபோர்ட் கிளப்பியது. பொருளை மறைத்துப் பேசுவது ஹாம் அலைகளில் தடை. எங்கள் பேச்சு திண்ணைப் பேச்சு, தெருவில் போகிறவர் யாரும் காது கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. பாக்டர் செய்தியையோ நடுவில் இருந்து ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். அது பூட்டுப் போட்டதற்குச் சமம் என்பது அவர் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பூட்டைப் பற்றிய பேச்சு. தவிலின் வேகத்தோடு அதைச் சேர்த்துக் கட்டியதில் இரண்டுமே இழுபட்டன.

2023 நவம்பரில்தான் எஃப்.சி.சி. முந்நூறைத் தூக்கி எறிந்து 2.8 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மனுப் போட்டவர்கள் கேட்டதே கிடைத்தது, பத்து வருடம் கழித்து. அதுவும் சிற்றலைகளுக்கு மட்டும், அந்த 19.6 இருக்கிற மேல் அலைகளை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒரு தொழில்நுட்பத்தைத் தடுப்பதே தப்பு என்றும் சொல்ல முடியாது. தொடக்க காலத்து ஹாம்கள் தீப்பொறிக் கருவி வைத்திருந்தார்கள். பொறி பறந்தால் ஊரிலுள்ள எல்லாக் காதிலும் இரையும். டைட்டானிக் மூழ்கிய 1912-இல் அமெரிக்கா சட்டம் போட்டு, ஹாம்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. அந்தச் சிற்றலைகளால் தூரம் போக முடியாது, பையன்கள் அங்கே விளையாடட்டும் என்ற எண்ணம். 1923 நவம்பரில் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் பிரான்ஸின் லியோன் டெலாயும் சுமார் 110 மீட்டரில் அட்லாண்டிக்குக்குக் குறுக்கே பேசிக்கொண்டார்கள். குப்பை என்று ஒதுக்கிக் கொடுத்த மனை கடற்கரைச் சாலை மனையாகிவிட்டது. தீப்பொறிக்கு முடிவு கட்டும் நாள்களை 1927 வாஷிங்டன் மாநாடு குறித்தது. அதற்காக நான் அழமாட்டேன். அன்றைக்கே அகலத்தை அளந்திருந்தால், பேர் சொல்லித் தடுக்காமலே அது தானாகப் போயிருக்கும்.

நம் நாட்டு 1978 விதிகளில் அலை வகைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஏ1ஏ என்றால் மோர்ஸ், ஜே3ஈ என்றால் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு, எஃப்3ஈ என்றால் எஃப்.எம். தேர்வுக்கு இதை நான் பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்; பக்கத்து ஸீட் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டார். ஆனால் எங்கள் அலுவலகங்களின் உண்மையான அக்கறை எப்போதும் யார், எங்கே என்பதுதான். அந்தமானிலிருந்து காற்றில் வர ஹாம்களுக்குப் பல ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அனுமதி வாங்கிக்கொண்டு தன் குழுவோடு போர்ட் பிளேர் போனார். உலகமே வியூ4 என்ற அழைப்புக்காக வரிசையில் நின்றது. 26-ஆம் தேதி காலை கடல் உள்ளே வந்தது. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதியை அந்தப் பெட்டிகள்தான் கரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அமெரிக்கத் தீர்ப்பைச் சொல்ல எங்கள் தெருக்கோடி சாரிடம் போனேன். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொடப்போகிறார். வாசல் பக்கத்து அறையில் பழைய ரிக், பித்தளைச் சாவி, ஒரு கூஜா. முந்நூறு, 1800, பந்தல், தவில் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமாச்சுன்னே?"

"நாப்பத்து மூணு சார்."

"ம்." விலக்கிய பக்கத்தைத் திரும்பக் காதில் பொருத்திக்கொண்டார். சுட்டுவிரலை உயர்த்தினார். "கொஞ்சம் சும்மா இரு. எவனோ கூப்பிடறான்."