கண்ட கல்லும் காணா உலகும்

மனிதனின் கண்ணுக்கு எட்டுவது சிறிது; கருத்துக்கு எட்டுவது பெரிது. கண் இன்றைய பொழுதை மட்டுமே காணும். சென்ற காலத்தையும் வருங்காலத்தையும் காண வேண்டுமாயின், கருத்தென்னும் கண்ணைத் திறத்தல் வேண்டும். அக்கண்ணைத் திறக்கவல்ல நூல்கள் பல உள. அவற்றுள் இருவகை நூல்களைப் பற்றி ஈண்டுக் கூற விரும்புகிறேன். ஒன்று, பழங்காலத்துக் கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகியவற்றை ஆராய்ந்துரைக்கும் கலை வரலாற்று நூல். மற்றொன்று, ‘இவ்வாறு நேருமாயின் என்ன ஆகும்?’ என்று எண்ணி, இதுவரை இல்லாத ஓர் உலகைப் படைத்துக் காட்டும் கற்பனைப் புனைகதை.

நூல் நிலையங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு அடுக்குகளில் இருக்கும். முன்னதைப் படிப்போர் பின்னதை வீண்பொழுது என்பர். பின்னதைப் படிப்போர் முன்னதை வறண்ட நூல் என்று ஒதுக்குவர். இவ்விருவகை நூல்களையும் ஒருசேரக் கற்றல் வேண்டும் என்பதும், கற்குங்கால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது என்பதும் என் கருத்து.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார இரயில், நாள்தோறும் எண்ணற்ற மாணவர்களையும் தொழிலாளர்களையும் சுமந்து செல்கிறது. அப்பாதையில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அடுத்தடுத்த நிலையங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும், பல்லாவரத்தில் உள்ள ஒரு கல் மண்டபம் நம்மை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பின்னே அழைத்துச் செல்கிறது. குரோம்பேட்டையில் கல்வி பயின்ற ஒருவரின் எழுத்தோ நம்மை வருங்காலத்திற்கு அழைத்துச் சென்றது. இவ்விரண்டையும் சான்றாகக் கொண்டு நம் கருத்தை ஆராய்வோம்.

பல்லாவரம் என்னும் பெயர் பல்லவபுரம் என்பதன் மரூஉ என்பர். அவ்வூர்க் குன்றில், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்று உளது. தூண்கள் தாங்கும் மண்டபமும், அதன் உட்புறத்தே வரிசையாகக் குடையப்பெற்ற ஐந்து கருவறைகளும் கொண்டது அது. இன்று அஃது இசுலாமியப் பெருமக்கள் போற்றி வழிபடும் தர்காவாக விளங்குகிறது. ஆயினும், கல்லிற் பொறித்த மகேந்திரனின் விருதுப் பெயர்கள், அதனை ஆக்கியவன் இன்னான் என்பதை நமக்கு அறிவிக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலும் அம்மன்னன் ஒரு குகைக்கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி அதனை எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டிற் பெருமையோடு கூறுகிறான். அப்பெருமையின் பொருள் யாது? அதற்கு முன் தமிழகத்துக் கோயில்கள், காலத்தால் அழியக்கூடிய அப்பொருள்களாலேயே அமைந்திருந்தன என்பதன்றோ? ஒரு கல்வெட்டு, தான் கூறும் கோயிலை மட்டுமன்றி, அழிந்துபோன கோயில்களையும் நமக்கு உணர்த்திவிடுகிறது.

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது பழமொழி. கல்லால் ஆன நாயின் சிற்பத்தைக் குறித்து எழுந்தது இது என்று பொருள் கூறுவாரும் உளர். கலையில் தோய்ந்தவன் நாயையே காண்கிறான். கல்லின் தன்மையை ஆராய்பவன் கல்லையே காண்கிறான். கலை வரலாற்றாசிரியனோ இரண்டையும் ஒருங்கே காண வேண்டியவன். தூணின் அழகு அவனை மகிழ்விக்கும். அத்தூண் கீழும் மேலும் சதுரமாகவும் இடையில் எண்பட்டையாகவும் இருப்பது மகேந்திரன் காலத்து முறை என்பதையும் அவன் குறித்துக்கொள்வான். பிற்காலத்தில் மாமல்லபுரத்தில் தூணின் அடியில் சிங்கம் அமர்ந்திருப்பதைக் கண்டு, கலை வளர்ந்த வழியை அறிவான். எழுத்தின் வடிவையும் உளியின் போக்கையும் ஒப்பிடுவான். புதுச்சேரியில் பேராசிரியராக விளங்கிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், தொல்பொருள் துறையினராகிய லாங்கர்ஸ்டு, பல்லவர் குகைக் கோயில்களைப் பற்றி 1964இல் விரிவான நூல் வெளியிட்ட கே. ஆர். சீனிவாசன் ஆகியோர் இவ்வாறு உழைத்தவர்கள். தமிழிலே எளிய நடையில் இச்செல்வத்தை வழங்கியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. அவர்தம் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூல் 1956இல் வெளிவந்தது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவர் நமக்கு விட்டுச்சென்ற கருவூலம் அது.

இத்தகைய நூல்களின் தலையாய சிறப்பு, அவை தம்மைத் தாமே திருத்திக்கொள்வதில் உளது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் ஓவியங்களை அறியாதார் இலர். அவற்றை மகேந்திரவர்மன் காலத்தன என்றே அறிஞர் முதலிற் கருதினர். ‘சித்திரகாரப் புலி’ என்னும் விருது பூண்ட மன்னனுக்கு அவற்றை உரிமையாக்குதல் பொருத்தமாகவும் தோன்றியது. பின்னர், அங்குள்ள கல்வெட்டொன்று, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுக்கியதைத் தெரிவித்தது. அறிஞர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். கற்பனைக்கு இனியது ஒன்று. கல் கூறியது மற்றொன்று. கல் கூறியதே நின்றது. சான்றுக்குத் தலைவணங்கும் இப்பண்பைக் கலை வரலாற்று நூல்களிலிருந்து நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு மயக்கத்தைக் குறிப்பிடுதல் தகும். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த நாவல். அதனைப் படித்த பின்னரே மாமல்லபுரத்தைக் காணச் சென்றோர் பலர். அஃது அந்நூல் செய்த பெருந்தொண்டு. ஆயின், ஆயனச் சிற்பியின் வீடு எது என்றும், சிவகாமி ஆடிய இடம் எது என்றும் அங்குத் தேடுவோரும் உளர்! மகேந்திரனும் மாமல்லனும் புலிகேசியும் வரலாற்று மாந்தர். 642ஆம் ஆண்டளவில் வாதாபி வீழ்ந்ததும் வரலாறு. ஆயனரும் சிவகாமியும் கல்கியின் உள்ளத்தில் பிறந்தவர்கள். நாவலை வரலாறாகக் கொள்வது நாவலாசிரியரின் திறனையும் மறைக்கும். பெயர் தெரியாமல் உழைத்த உண்மைச் சிற்பிகளின் உரிமையையும் பறிக்கும்.

இனிக் குரோம்பேட்டைக்குச் செல்வோம். அங்கு 1949இல் தோன்றிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் பயின்றவர் ரங்கராஜன். சுஜாதா என்னும் புனைபெயரால் தமிழுலகம் அவரை அறியும். அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வந்தது. கதை நிகழும் காலம் 2020களின் தொடக்கம். அக்கதையில் மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேற்படலாகா. குழந்தை பெறவும் அரசின் ஆணை வேண்டும். ஜீவா என்னும் தலைவனை மக்கள் தெய்வம்போல் வணங்குகின்றனர். இறுதியில் அத்தலைவன் மனிதனே அல்லன், ஒளியால் ஆக்கிய உருவம் என்பது வெளிப்படுகிறது. ஜீனோ என்னும் இயந்திர நாயோ நூல்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது.

கதை குறித்த காலம் வந்து கடந்துவிட்டது. அதில் சொன்னவாறு நாடு அமையவில்லை. எனவே அந்நூல் பொய்த்தது என்னலாமோ? ஆகாது. சோதிடம் பலிக்க வேண்டும்; கதை சிந்திக்கச் செய்தல் போதும். இன்று இயந்திரங்கள் ஒருவர் பேசாததைப் பேசியதாகவும், செல்லாத இடத்திற்குச் சென்றதாகவும் படம் ஆக்கிக் காட்டுகின்றன. திரையில் தோன்றும் முகம் மெய்யோ என்னும் ஐயம் நம் ஒவ்வொருவர்க்கும் எழுகிறது. இவ்வையத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியது அக்கதை. அதனைப் படித்தவன் இன்றைய வஞ்சனைக்கு எளிதில் இரையாகான்.

இத்தகைய கற்பனைக்குச் சென்னையோடு இன்னும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. வங்கத்துப் பெண்மணியாகிய ரொக்கேயா சகாவத் உசேன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில்தான் முதலில் அச்சேறியது. பெண்கள் ஆளும் நாடு ஒன்றை அவர் அதிற் படைத்தார். அங்குப் பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆராய்கின்றனர். கதிரவன் வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர். பெண்கள் பள்ளிப் படியேறுதலே அரிதாயிருந்த காலம் அது. கனவோடு நின்றாரல்லர் அவர். 1911இல் கொல்கத்தாவில் பெண்களுக்கென ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கினார். கற்பனை செயலுக்குத் தாயாதல் இவ்வாறே.

பிரெஞ்சு நாட்டு ழூல் வெர்ன், மூவரைத் திங்களுக்கு அனுப்பும் கதையை 1865இல் எழுதினார். பெரிய பீரங்கியில் வைத்து அவர்களைச் செலுத்தினார். அவ்வாறு செலுத்தினால் மனிதர் உயிர் பிழையார், அவ்வழி தவறு. ஆயினும் திங்களுக்குச் செல்லுதலைக் கணக்கிட்டுப் பார்க்கத்தக்க செயலாக அக்கதை ஆக்கியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், இந்தியாவின் சந்திரயான்-3 திங்களின் தென்துருவப் பகுதியருகே இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், தாம்பரத்தில் பொறியியல் பயின்றவர். ஒரு தலைமுறையின் கற்பனை, மற்றொரு தலைமுறையின் தொழிலாகிவிட்டது.

‘உண்மையைக் கற்கவே பொழுது போதவில்லை, இல்லாததை ஏன் கற்க வேண்டும்?’ என வினவுவார் உளர். மகேந்திரனை நினைத்துப் பாருங்கள். குன்றின் முன் நின்றபோது அவன் கண்ட கோயில் எங்கிருந்தது? அவன் உள்ளத்தில் மட்டுமே இருந்தது. கண் முன் இருந்தது வெறும் பாறை. ‘மரமும் செங்கல்லும் இன்றிக் கோயில் எடுத்தால் என்ன?’ என்று அவன் எழுப்பிய வினா, புனைகதை ஆசிரியனின் வினாவே ஆகும். இன்று நாம் கலை வரலாறாகக் கற்பது, அன்று ஒருவன் கண்ட வருங்காலக் கனவு.

எனினும் இருவகை நூல்களுக்கும் நெறி வேறு. கலை வரலாற்று நூலைப் படிக்கும்போது, ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேளுங்கள். கற்பனைக் கதையைப் படிக்கும்போது, ‘இதிலிருந்து வேறு என்ன விளையும்?’ என்று கேளுங்கள். முதல் வினாவை மறந்தவன் கட்டுக்கதையை வரலாறென நம்பி, அதற்காகப் பிறரோடு பூசலும் இடுவான். இரண்டாம் வினாவை மறந்தவன் பழம்பெருமை பேசியே காலம் கழிப்பான். இரண்டு வினாக்களையும் கேட்கப் பழகியவனே மெய்யறிவு உடையவன்.

மாணவர்களே! உங்கள் பள்ளி நூல் நிலையத்திற்குச் செல்லும்போது ஓர் அடுக்கோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கையில் கல்லின் வரலாற்றையும் மறுகையில் காணா உலகின் கதையையும் எடுத்து வாருங்கள். உங்கள் ஊரில் எக்குன்றில் எவ்வெழுத்து உளது என்று அறிந்து, அதனைச் சிதையாமற் காத்திடுங்கள். இன்று இல்லாத எந்நன்மை நாளை வேண்டும் என்றும் எண்ணுங்கள். முன்னோர் பாறையில் கோயிலைக் கண்டனர். நாம் காண வேண்டியவை இன்னும் பல உள.