பிளாஸ்டிக் உறையில் இளவரசி, எடைத்தராசில் சோழர்

சித்தூரிலோ திருப்பதியிலோ பழைய தமிழ்க் குடும்பமொன்று வீட்டைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து இறங்கும் இதழ்கள் இரண்டு குவியல்களாகப் பிரிகின்றன. டயானாவின் முகம் பதித்த ஆங்கிலச் சிறப்பிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் செல்கிறது. பழைய ‘கல்கி’யிலிருந்து கிழித்தெடுத்துப் பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’ தொகுதி பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குச் செல்கிறது. முன்னதற்கு ‘மார்க்கெட்’ உண்டாம். பின்னது கறைபட்டதாம், ஓரம் வெட்டப்பட்டதாம், உள்ளே யாரோ பெயர் எழுதிவைத்திருக்கிறார்களாம். இந்தப் பிரிப்பு தலைகீழானது. அதை அறியாமையால் செய்யும் குடும்பத்தாரை மன்னிக்கலாம். அதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தரவு தேடும் ஆய்வுலகை மன்னிப்பதற்கில்லை.

முதலில் அந்த ‘மார்க்கெட்’டைப் பார்ப்போம். 1981 ஜூலை 29 திருமணம், 1997 ஆகஸ்ட் 31 மரணம், 2023 மே 6 முடிசூட்டல்: பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இத்தகைய நிகழ்வுகளுக்கு வெளிவந்த சிறப்பிதழ்கள் பெருமளவில் அச்சிடப்பட்டவை. அதைவிட முக்கியம், வாங்கியவர்கள் அவற்றைத் தூக்கியெறியவில்லை. எல்லோரும் பாதுகாத்த பொருள் எப்படி அரிதாகும்? இணையத்தில் ஒருவர் பல்லாயிரம் ரூபாய் கேட்டிருப்பதைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கேட்கும் விலை ஆசையின் அளவு மட்டுமே. விற்று முடிந்த விலை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

அட்டையில் ‘சேகரிப்போர் பதிப்பு’ என்று அச்சிடுவதைச் செயல்நிகழ்த்தும் கூற்றாக வெளியீட்டாளர் கருதுகிறார் போலும். ஆஸ்டின் சொன்னது வேறு: அத்தகைய கூற்று பலிக்க உரிய சூழல் வேண்டும். திருமணமானவரை மறுபடி மணமக்களாக அறிவித்தால் திருமணம் நிகழ்ந்துவிடாது. தமிழில் ‘அரிது’ என்ற சொல்லே கிடைத்தற்கு அருமையைக் குறிப்பது. கடை தோறும் அடுக்கிவைத்த பொருளுக்கு அச்சொல்லைச் சூட்டுவது வணிகம் மட்டுமன்று, சொல்லுக்கு இழைக்கும் கொடுமையும்கூட.

அமெரிக்கச் சித்திரக்கதை உலகம் இப்பாடத்தை விலைகொடுத்துக் கற்றது. 1938இல் பத்து சென்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2014இல் 32 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. சிறுவர்கள் படித்துக் கசக்கி எறிந்ததே அதற்குக் காரணம். 1992இல் சூப்பர்மேன் மரண இதழைக் கறுப்பு உறையிலிட்டு விற்றார்கள். இலட்சக்கணக்கானோர் உறையைப் பிரிக்காமலே பூட்டிவைத்தார்கள். இன்று அது எளிதில், மலிவாகக் கிடைக்கும் இதழ்.

இப்போது தராசுக்குப் போன தொகுதிக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 வரை வாராவாரம், மணியத்தின் ஓவியங்களுடன் வந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது 1953 அக்டோபர் 1. ஆக, தொடரின் முதல் அத்தியாயத்தைச் சென்னை மாநிலத்தில் படித்த சித்தூர் வாசகர், கடைசி அத்தியாயத்தை வீட்டைவிட்டு நகராமலே ஆந்திரத்தில் படித்தார். மதிப்பிடுவோர் ‘குறை’ என்று புள்ளி குறைக்கும் அந்தப் பெயர், தேதி, வாடகை நூலக முத்திரை ஆகியவைதாம் எல்லைக்கோடு மாறிய பின்னும் அவ்வூரில் தமிழ் யாரால், எங்கே படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. மொழிச் சிறுபான்மையின் வாசிப்பை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லாது. பைண்டு செய்த தொகுதியின் முதல் பக்கம் சொல்லும்.

மதிப்பிடுவோர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பைண்டு செய்தவர்கள் அட்டையையும் விளம்பரத்தையும் கழித்துவிட்டார்கள். அதனால் முழு இதழ் உண்மையாகவே அரிது. சோப்பு, டானிக் விளம்பரங்களின் மொழி அதில்தான் உள்ளது. ஆனால் முழு இதழைத் தேட வேண்டும் என்பதற்காக, கையிலிருக்கும் தொகுதியை எடைக்குப் போட வேண்டுமா?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விலைப்பட்டியல் பார்த்துச் சேர்த்தவரல்லர். நூல்களோடு இதழ்கள், அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள் என்று பிறர் கழித்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. அதில் எதன் மேலும் ‘சேகரிப்போர் பதிப்பு’ என்று அச்சிட வேண்டியிருக்கவில்லை.

2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமானது. நடிகர்கள் சோழ வேடத்தில் தோன்றிய அட்டைகளுக்கும் இப்போது அதே பேச்சு தொடங்கியிருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் இறந்த இடமான தொண்டைமானாற்றூர், திருக்காளத்திக்கு அருகில்தான். முதலாம் பராந்தகன் தந்தைக்கு எழுப்பிய கோயிலும் அங்கேயே நிற்கிறது. திருப்பதியிலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்துவரலாம், கட்டணமும் அதிகமில்லை. அட்டைப்படச் சோழனுக்கு விலை பேசுவோரில் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

அடுத்த முறை பரண் காலியாகும்போது செய்ய வேண்டியது சிறிய வேலை. தொகுதியின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், முத்திரை, கையெழுத்து இவற்றைப் படமெடுத்து, ஊரையும் தெருவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துறை நூலகத்திடம் கேளுங்கள். இடமில்லை என்றால் அடுத்த நூலகத்திடம். டயானாவை வேண்டுமானால் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுக்கலாம். வழவழப்பான தாள், எடை கூடுதலாகவே நிற்கும்.