டேட்டாவைத் தின்றது யார்?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை வீடுகளில் பல பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் நெட் என்றால் டாங்கிள், இல்லாவிட்டால் அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட். அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துபோனால், "படம் பார்த்தியா?" என்று பிள்ளையைத்தான் திட்டுகிறோம். பாவம்!

பல நேரம் தின்றது விண்டோஸ் அப்டேட். ஹாட்ஸ்பாட் அதன் கண்ணுக்கு வெறும் வைஃபை. இப்போதைய டாங்கிள்கள் பலவும் லேன் வயர் மாதிரிதான் தெரியும். அளவில்லாத நெட் என்று நினைத்து இறக்கிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த இணைப்புக்கு 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு தடவை, டாங்கிளுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகப் போட வேண்டும். அப்டேட்டை அடியோடு விட்டுவிடாதீர்கள்; நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்றார்கள். நல்ல காரியம்தான். லேப்டாப்பைக் கையில் கொடுக்கிற அன்றே இதையும் சொல்லித்தர வேண்டும் என்பேன். கம்பெனியில் இருக்கும் என் பழைய மாணவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பை ஒரு தடவை பாருங்களேன்.