கட்டுமானக் கருத்தரங்கில் நமக்கென்ன வேலை?

பொறியியலில் பிஎச்டி செய்யும் நம் பிள்ளைகளைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு உண்டு. "அவன் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டான்" என்பார்கள். சட்டமோ வரலாறோ படித்தால் இயக்கத்துக்கு ஆள், கான்கிரீட்டும் கணினியும் படித்தால் கம்பெனிக்கு ஆள் என்று ஒரு கணக்கு. நானும் சமூகவியல் படித்துவிட்டுக் களத்துக்கு வந்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன்: டிஜிட்டல் கட்டுமானத் தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்கில் ஒரு தலித் ஆய்வு மாணவி கட்டுரை வாசிப்பது, நாம் கலெக்டர் அலுவலக வாசலில் உட்காருவதற்கு எந்த வகையிலும் குறைந்த அரசியல் இல்லை.

2023 ஜூலையில் சென்னையில் அப்படி ஒரு கருத்தரங்கு நடந்தது. கட்டுமானத்தில் தானியங்கி, ரோபோ தொழில்நுட்பம் பற்றிய சர்வதேச மாநாடு அது. 1984இல் அமெரிக்காவில் தொடங்கியதன் 40ஆவது கூட்டம். சுவர் எழுப்பும் ரோபோ, வேலையிடத்தை அளக்கும் ட்ரோன், 3டி பிரிண்டிங், பிம் என்று பேசுவார்கள். பிம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கட்டடத்தின் தூண், உத்திரம், குழாய், வயர் எல்லாவற்றையும் தரையில் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் கட்டிப் பார்ப்பது. தண்ணீர்க் குழாய் எங்கே உத்திரத்தில் இடிக்கும் என்பதை மென்பொருள் முன்கூட்டியே சிவப்பில் காட்டிவிடும். அதற்கு 'கிளாஷ்' என்று பெயர்.

இந்த மாநாட்டுக்கு ஆறேழு மாதம் முன்னால்தான், 2022 டிசம்பர் 26 அன்று, நம் புதுக்கோட்டை மாவட்டம் முட்டுக்காடு ஊராட்சி வேங்கைவயலில், குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரிய வந்தது. அடுத்த நாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தபோது இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்தே வெளியே வந்தன. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிவியல் அந்த ஊருக்கு டிஎன்ஏ பரிசோதனையாக வந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. ஊர் மக்கள் அதை இன்றும் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

குற்றவாளி யார் என்ற கேள்வி அப்படியே நிற்கட்டும். எனக்கு அந்தத் தொட்டியைப் பற்றியே ஒரு கேள்வி இருக்கிறது. பத்தாயிரம் லிட்டர் தொட்டி, தலித் குடியிருப்புக்கென்று தனியாகக் கட்டியது. அரசுக் கட்டுமானம் என்றால் எஸ்டிமேட் உண்டு, இடத் தேர்வு உண்டு, டெண்டர் உண்டு, எம்-புக்கில் அளவு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பொறியாளர் கையெழுத்து உண்டு. இந்தத் தாள்கள் எதிலும் சாதி இருக்காது. ஆனால் 'ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று' என்ற முடிவு, அளவு நாடாவை விரிப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டு விடுகிறது. அந்தத் தொட்டியை பிம் மாடலில் ஏற்றினால் ஒரு கிளாஷும் காட்டாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் தனித்தொட்டி கேட்டு மனு கொடுத்தவர்கள் நாமேதான். ஏன் கேட்டோம்? ஊர்த்தெருவில் தொட்டி இருந்தால் கடைசிக் குழாய் காலனியில் இருக்கும். வால்வைத் திறந்து மூடுவதும் அவர்கள் ஆளாக இருப்பார். அவர்கள் குடம் நிறைந்த பிறகு நமக்கு வருவது காற்று. வயிற்றெரிச்சலில் கேட்ட தனித்தொட்டி, பிறகு தீண்டாமைக்கே வசதியாகிப் போனது. இதை நாம் மேடையில் பேசினால் 'குற்றச்சாட்டு' என்பார்கள். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி நேரம் தண்ணீர், வால்வு எந்தத் தெருவில் என்று ஐம்பது ஊராட்சியை மாடலில் போட்டுக் காட்டினால் அதை அப்படித் தள்ளிவிட முடியாது. முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைவிடத் தலைப்பு வேண்டுமா?

மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2, விடியும் முன்னே, மழையில் ஊறிய ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. பதினேழு பேர் செத்தார்கள். எல்லோரும் நம் மக்கள். கட்டடத்தில் சென்சார் பொருத்தி விரிசலையும் சாய்வையும் கண்காணிப்பது இந்தக் கருத்தரங்குகளில் பெரிய துறை. பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் பொருத்துகிறார்கள், நல்லது. யாருடைய சுவர் யாருடைய கூரைக்கு மேலே நிற்கிறது என்பதை ஆய்வுச் சிக்கலாக வைக்க, அந்தக் கூரைக்குக் கீழே தூங்கிய ஒருத்தி அரங்கில் இருக்க வேண்டும்.

பிறகு வேலை. 2021இல் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 3டி பிரிண்டிங்கில் ஒரு வீடு வந்தது. 2023இல் பெங்களூருவில் 1,021 சதுர அடியில் ஒரு தபால் நிலையமே ஒன்றரை மாதத்துக்குள் எழும்பியது. இதன் நன்மைகளைச் சொல்லும்போது 'ஆள் தேவை குறையும்' என்று ஒரு வரி வரும். அந்த 'ஆள்' யார்? சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாள். கொத்தனாராக ஒருபோதும் உயர்த்தப்படாமல் முப்பது வருடம் சித்தாளாகவே இருந்த நம் அம்மா, அத்தை. இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சட்டி சுமப்பதில் என்ன பெருமை இருக்கிறது? ஆனால் அந்த இயந்திரத்தை இயக்கும் வேலை யாருக்கு? கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல வரியாகப் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தில் சித்தாள்களுக்கு இந்தப் பயிற்சி கொடு என்று எழுத ஒரு ஆய்வாளர் வேண்டும். நடக்காத காரியம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றியது. கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன.

சரி, அரங்கில் இப்போது யார் இருக்கிறார்கள்? 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் பிஎச்டி சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். சட்டப்படி 15, 7.5 இருக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கும் கருத்தரங்கு எளிதில்லை. தேசிய ஃபெல்லோஷிப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்பது தாளில் உள்ள தொகை. அது நான்கைந்து மாதம் வராமல் போனால் வீட்டுக்கு அனுப்புவதும் நிற்கும், விடுதிக் கட்டணமும் நிற்கும். மாநில ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளருக்குத் தருவது ஆண்டுக்கு ஒரு லட்சம். வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்கு விமானம், விசா, பதிவுக் கட்டணம் சேர்த்தால் அந்த லட்சம் பத்தாது. பயண உதவிகளிலும் பல, போய்வந்து பில் வைத்தால் கிடைப்பவை. முதலில் போட அப்பாவிடம் பணம் உள்ளவருக்கான உதவி அது! முன்பணமாகக் கொடு என்பது சின்னக் கோரிக்கை. நம் மாணவர் அமைப்புகள் இதை ஒரு தீர்மானமாகக்கூடப் போட்டதில்லை என்பதுதான் என் வருத்தம்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் இருபத்தைந்து வயது ஆய்வு மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். பரோடா அரசின் உதவித்தொகையில் படிக்கப் போனவர். பணம் முதலில் வந்தது, அதனால் அம்பேத்கர் அந்த அறையில் இருந்தார்.

உங்கள் கல்லூரியில் சிவில் பிரிவில் ஆய்வு செய்யும் தோழர் இருந்தால், வரும் விடுமுறையில் உங்கள் ஊராட்சிக்கு அழைத்துப் போய்த் தொட்டிகளைக் காட்டுங்கள். கூடவே ஒரு ஆர்டிஐ மனு, கட்டணம் பத்து ரூபாய். தொட்டி எந்த ஆண்டு, எந்த நிதியில், இடத்தை யார் தேர்ந்தெடுத்தார், எந்தத் தெருவுக்கு எத்தனை இணைப்பு. எம்-புக் நகலும் கேளுங்கள்.