சாகப்போகிறவரிடம் கேட்டீர்களா?

லீ எவரெட்டை ஜாம்பி கடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துப்போவான். செத்தபின் எழுந்து, எதிரே அழுதுகொண்டு நிற்கும் சிறுமி கிளமென்டைன் மீதே பாய்வான். பெற்ற பிள்ளையைப் போல அவன் காப்பாற்றிக் கொண்டுவந்த சிறுமி அவள். ‘என்னைச் சுட்டுவிடு’ என்று அவளிடம் சொல்வதா, ‘அப்படியே விட்டுவிட்டுப் போ’ என்பதா? திரையில் நேரம் கரைகிறது. ஆடுபவர்தான் லீ. பதிலை அவர்தான் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம் 2012இல் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ வீடியோ கேமின் முடிவு இது. பருத்தி ஏலத்துக்குப் பேர்போன மல்லசமுத்திரத்திலும் கல்லூரிப் பிள்ளைகளின் போனில் இதுபோன்ற விளையாட்டுகள் இன்று சாதாரணம். வீட்டுப் பெரியவர்கள் எட்டிப் பார்த்தால் ரத்தமும் அழுகிய முகங்களும்தான் கண்ணில் படும். ‘என்ன கருமம் இது’ என்று திரும்பிவிடுவார்கள். ஆனால், அவர்களே வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு கேள்வியோடுதான் அந்தப் பிள்ளை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்: பிழைக்க வழியே இல்லாதவரின் வேதனையை முடித்துவைப்பது கருணையா, கொலையா?

இந்தக் கேள்வியை அந்த விளையாட்டு பல முகங்களில் கேட்கிறது. கடிபட்ட பெண் ஒருத்தி, தானே முடித்துக்கொள்கிறேன் என்று துப்பாக்கி கேட்கிறாள். கடிபட்ட மகனை யார் சுடுவது, தகப்பனா, லீயா என்று இன்னொரு இடத்தில் முடிவெடுக்க வேண்டும். மிகக் கொடியது இறைச்சிக் கிடங்குக் காட்சி. பூட்டிய அறைக்குள் லாரி என்ற முதியவர் நெஞ்சு வலியில் சாய்கிறார். மகள் நெஞ்சை அழுத்திப் பிழைக்கவைக்கப் பார்க்கிறாள். இறந்தவுடன் ஜாம்பியாகிவிடுவார், அதற்குள் தலையை நசுக்க வேண்டும் என்று பதறுகிறான் உடனிருக்கும் கென்னி. நசுக்கியும் விடுகிறான். அந்த நொடியில் முதியவருக்கு உயிர் இருந்ததா என்பதை விளையாட்டு கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. கென்னி செய்ததற்குப் பெயர் கருணை அல்ல, பயம். கருணைக்கொலை பற்றிப் பேசுகிற எவரும் இந்த வேறுபாட்டில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்க வேண்டும்.

நிஜத்தில் இந்தக் கேள்வி வேறு வழியில் வந்து சேர்கிறது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே, சேலத்தில் வந்தது. சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி 2018இல் எழுந்து நிற்க முடியாமல், வாரக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் புண். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான அமர்வு ஏப்ரல் மாதம், கால்நடை மருத்துவர் பரிசோதித்து, இனி உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்றது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால், ஊசிக்கு வேலை வரவில்லை. உத்தரவு வந்த சில நாளில், ஏப்ரல் 21 அன்று, யானை தானாகவே இறந்தது.

யானையால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. அதற்காக நீதிமன்றமும் மருத்துவரும் யோசிக்க வேண்டியிருந்தது சரிதான். பேசத் தெரிந்த மனிதர்களிடமே நாம் கேட்பதில்லையே, அதற்கு என்ன சொல்வது? விருதுநகர், தேனி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. கிடையாகக் கிடக்கும் முதியவரைக் குடும்பமே சடங்கு போல முடித்துவைப்பது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய, தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ‘பாவம், எத்தனை நாள்தான் சீரழியட்டும்’ என்பார்கள். அந்தச் சொல்லில் பாசமும் இருக்கலாம். மருந்துச் செலவும், பார்த்துக்கொள்கிறவரின் களைப்பும், நிலத்தின் மேல் ஒரு கண்ணும் இருக்கலாம். படுத்திருப்பவரின் சம்மதம் மட்டும் அதில் இருப்பதில்லை. அதனால் அது கொலைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவரைச் சாக விடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அந்த மருத்துவமனையின் செவிலியர்கள், ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எதிர்த்து நின்றார்கள். 2011இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2015இல் அருணா நிமோனியாவில் இறக்கும்வரை அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இருதரப்புக்கும் அருணா மீது அக்கறை இருந்தது. அருணாவுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கேட்டு வைக்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜாம்பி விளையாட்டின் குறை, கடிபட்டவரின் முடிவை அது ஐயமின்றிச் சொல்லிவிடுவது. கடிபட்டவர் சாவது உறுதி. வைத்தியம் கிடையாது, வலி நிவாரணி கிடையாது, நாளை என்பதும் கிடையாது. நிஜ வாழ்வில் ‘என்னைக் கொன்றுவிடுங்கள்’ என்று கதறும் புற்றுநோயாளிக்கு முதலில் தேவை மார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருந்துக்கடையும் மருத்துவமனையும் அதைத் தொடவே அஞ்சின. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. வலியைத் தணித்துப் பார்க்காமல் சாவைப் பற்றிக் கேட்பது அநியாயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த விளையாட்டு நம்மைவிட முன்னே நிற்கிறது. கடைசி முடிவை அது சாகப்போகிறவனிடமே விட்டுவிடுகிறது. அதுவரை அடுத்தவர் சாவைத் தீர்மானித்து வந்தவர், முடிவில் தன் சாவைப் பற்றித் தானே பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இதற்குச் சட்ட வழி இருக்கிறது. விஷ ஊசி போட்டுக் கொல்வது குற்றம்தான். ஆனால் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிழைக்க வாய்ப்பில்லாத நிலையில் செயற்கைக் கருவிகளை நிறுத்த அனுமதித்தது. தனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரி 24இல் விதிகள் எளிதாகின. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் ஒரு கையெழுத்து போதும். நேரம் வரும்போது மருத்துவமனையின் இரண்டு குழுக்கள் ஆராய்ந்து முடிவெடுக்கும். கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்த 2025 ஜனவரியில் ஆணையே பிறப்பித்தது.

இப்படித் தன் விருப்பத்தை எழுதி வைத்தவர் அந்தப் பத்திரத்தின் ஒரு நகலை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்து வைக்க வேண்டும். அதைப் பாதுகாக்க அங்கே ஓர் அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்கிறது தீர்ப்பு. மல்லசமுத்திரத்துக்காரருக்கு என்றால் அது பேரூராட்சி அலுவலகம். வீட்டு வரி கட்டப் போகும்போது, ‘இந்தப் பத்திரத்தை வாங்கி வைக்கிற அலுவலர் யார்?’ என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் நியமிக்கச் சொல்லி மனு கொடுங்கள். அதற்கு முன்பே, நல்ல நினைவோடு இருக்கும்போதே, வீட்டில் இருப்பவர்களிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள்.