‘யார்?’ என்னும் கேள்வியின் எல்லை

2025 ஜூலை இறுதியில் இந்தியக் கால்பந்து ரசிகர்கள் ஒரு நாள் முழுவதும் சாவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளரான அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், ஊதியம் கட்டுப்படியாகாது என்பதால் அவர் பரிசீலிக்கப்படவில்லை என்றும் செய்தி வந்திருந்தது. பணம் திரட்டியேனும் அழைத்திருக்க வேண்டும் என்றனர் சிலர். வந்து மட்டும் என்ன செய்துவிடுவார் என்றனர் சிலர். சாவி, பெப் கார்டியோலா ஆகியோரின் பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று கூட்டமைப்பு பின்னர் அறிவித்தபோது விவாதம் நகைப்பில் முடிந்தது.

அந்த ஒரு நாள் நம்பிக்கை நகைத்துக் கடந்துவிடத்தக்கதன்று. ஒரு பெரும்பெயர் வந்து அமர்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்னும் எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அது காட்டியது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் மலப்புறத்திலும் ஐஸாலிலும் எழும் விவாதம் இந்த எதிர்பார்ப்பின் மீதே நிற்கிறது.

ஒரு வினா விடையை மட்டும் கோருவதில்லை. சிலவற்றை ஏற்கெனவே உண்மையெனக் கொண்டுதான் அது எழுகிறது என்பது மொழியியலின் பாலபாடம். ‘திருடியவர் யார்?’ என்று கேட்பவர் திருட்டு நடந்ததை ஐயுறுவதில்லை. அதுபோலவே, ‘அடுத்த பயிற்சியாளர் யார்?’ என்னும் வினா, ஆளை மாற்றினால் ஆட்டம் மாறும் என்பதை நிறுவாமலே ஏற்றுக்கொள்கிறது. ‘வெளிநாட்டவரா, உள்நாட்டவரா?’ என்னும் வினா இன்னும் குறுகியது. இரண்டே கதவுகளைத் திறந்துவைத்து, சுவரைப் பற்றிய பேச்சையே அது தவிர்த்துவிடுகிறது.

அண்மைக் கால நிகழ்வுகள் இந்த முற்கோளுக்குத் துணைநிற்கவில்லை. இகோர் ஸ்டிமாச்சின் பயிற்சியில் 2023 ஜூலையில் இந்தியா தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை வென்றது. அதே பயிற்சியாளரின் கீழ் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது; ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடுத்து வந்த ஸ்பானியர் மனோலோ மார்க்கேஸ், முதல் பருவத்தில் எஃப்.சி. கோவா அணிக்கும் பயிற்சியாளராக இருந்துகொண்டே தேசிய அணியைக் கவனித்தார். எட்டு ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் இந்தியா மூன்றாம் இடம் பெற்றதும், உள்நாட்டவரே போதும் என்ற குரல் ஓங்கியது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்ததும் அதே குரல் தணிந்தது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். ஒருவருடைய திறமையும் தகுதியின்மையும் ஐந்து வாரங்களில் மெய்ப்பிக்கப்படுவதில்லை.

மாறியவை பெயர்கள், மாறாதவை வேறு. 2024 ஜூனில் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில், தம் நாற்பதாவது வயதில், மீண்டும் அழைத்துவரப்பட்டார். கழகங்கள் தங்கள் முன்கள வரிசையை வெளிநாட்டு வீரர்களிடம் ஒப்படைத்துப் பழகிவிட்ட நாட்டில், அவருக்குப் பின் கோல் அடிப்பவரை எந்தப் பயிற்சியாளர் எங்கிருந்து தேர்ந்தெடுப்பார்? ஜமீல் பொறுப்பேற்பதற்குச் சில வாரங்களுக்கு முன், வணிக உரிமை ஒப்பந்தம் குறித்த தெளிவின்மையால் இந்தியன் சூப்பர் லீகின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. லீக் நடக்காத நாட்டில் ஆட்டத் தகுதியுள்ள வீரர்களைத் தேட வேண்டியிருந்தது அவரது முதற்பணி.

பயிற்சியாளர் பொருட்டே அல்லர் என்பதன்று இதன் பொருள். முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸால் அணியை 2016-17 ஐ-லீகில் வாகையராக்கியவர் இதே ஜமீல். ஆனால் அங்கே ஒரு பருவம் முழுவதும் வீரர்கள் நாள்தோறும் அவர் கண்முன் இருந்தனர். தேசிய அணியின் பயிற்சியாளருக்குக் கிடைப்பவை சில நாள் முகாம்களே. கழகப் பயிற்சியாளர் தம் அணியை உருவாக்குகிறார். தேசிய அணியின் பயிற்சியாளர் பிறர் உருவாக்கியதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். பிறர் எதையும் உருவாக்காதபோது தேர்வின் கூர்மைக்கு வேலையில்லை.

பொற்காலத்தை நினைவூட்டுவோர் சையத் அப்துல் ரஹீமின் பெயரைச் சொல்வர். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் ஆகியன அவர் காலத்தவை. ஆனால் ரஹீம் தேசிய அணியோடு மட்டும் நின்றவர் அல்லர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும் அவரே பயிற்றுவித்தார். அது 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தேசிய அணிக்குத் தேவையான வீரர்களில் ஒரு பகுதியினரை அவரே தம் நகரில் வார்த்தெடுத்தார். 1950 முதல் 1963இல் இறக்கும்வரை அப்பணிக்குக் காலமும் இருந்தது. ரஹீமைப் போற்றுவோர் அவரது மேதைமையை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர்.

‘யார்?’ என்னும் வினாவால் ஆதாயம் அடைவோர் ரசிகர்கள் அல்லர், நிர்வாகிகளே. பயிற்சியாளரை நீக்குவது எளிது. நீக்கியதும் சினம் தணிகிறது. புதிய பெயரோடு நம்பிக்கை துளிர்க்கிறது. லீகின் அட்டவணை, இளையோர் போட்டிகள், உள்ளூர் முன்கள வீரர்களின் ஆட்ட நேரம் ஆகியன குறித்த கேள்விகள் மறுபடியும் ஒத்திவைக்கப்படுகின்றன. பலிகொடுப்பதற்கென்றே ஒரு நாற்காலி எப்போதும் தயாராக இருக்கும் நிர்வாகத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் தேவை எழுவதில்லை.

ரசிகர்களின் விவாதம் வீண்பேச்சன்று. இந்தியக் கால்பந்தில் அதிகாரம் ஏதுமின்றி அக்கறையோடு மட்டும் நடைபெறும் பொது உரையாடல் அதுவே. எந்தக் கழகம் எந்த இளைஞரை எத்தனை நிமிடம் ஆடவிட்டது என்பதைக் கூட்டமைப்பின் அலுவலகத்தைவிட நுணுக்கமாக நினைவில் வைத்திருப்போர் அவர்களுள் உள்ளனர். அந்த அறிவு பெயர்ப் பட்டியல்களில் செலவாகிக் கரைவதுதான் வருத்தத்துக்குரியது. அடுத்த முறை நாற்காலி காலியாகும்போது, ‘யார் வருகிறார்?’ என்பதற்கு முன் ‘வருபவருக்கு எத்தனை நாள், எந்த லீக், எத்தனை முன்கள வீரர்கள்?’ என்று ரசிகர்கள் கேட்கட்டும். முதல் கேள்விக்குக் கூட்டமைப்பு ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துவிடும். இரண்டாவதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.